பனங்களியும் சவர்க்காரமும்: தோற்றுவாய் பற்றிய ஓர் அறவினா

தூய்மையை மனிதன் எக்காலத்தும் ஒரு விழுமியமாகவே போற்றி வந்துள்ளான். உடலைத் தூய்மை செய்வது நீரின் தொழில் என்றும், உள்ளத்தைத் தூய்மை செய்வது உண்மையின் தொழில் என்றும் வள்ளுவர் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டினார். எனினும் இவ்விரண்டும் முற்றாகப் பிரிந்து நிற்பவையல்ல. ஓர் ஆடையைத் தோய்க்கும்போது அதிலிருந்த அழுக்கு அழிந்துவிடுவதில்லை. ஆடையிலிருந்து நீருக்கும், நீரிலிருந்து நிலத்துக்கும் குளத்துக்கும் கடலுக்கும் அது இடம்பெயர்கின்றது. நமது தூய்மைக்கு யாரோ ஒருவர், அல்லது ஏதோ ஓர் உயிர், இடங்கொடுக்க வேண்டியிருக்கின்றது. ஆகவே புறத்தூய்மையைத் தேடும் செயலுக்குள்ளேயே அகத்தூய்மை பற்றிய வினாவும் அடங்கியுள்ளது எனலாம். பெற்றோலியத்தை விடுத்துத் தாவரங்களிலிருந்தும் நுண்ணுயிர்களைக் கொண்டும் மாசகற்றும் பொருள்களை ஆக்கும் முயற்சி உலகெங்கும் வலுப்பெற்றுவரும் இக்காலத்தில், புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து வந்தது என்ற ஒரு காரணத்தாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடுமா என்ற வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாராய்ச்சிக்குப் பூநகரியின் பனங்கூடல்களை நாம் உரைகல்லாகக் கொள்வோம்.

முதலில் இப்பொருள்களின் இயல்பைச் சுருக்கமாக நோக்குவோம். நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலிந்து கவர்வதால் அதன் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போன்று நிற்கின்றது. எண்ணெய்ப்பற்றுள்ள அழுக்கினுள் நீர் புகாமைக்கு இதுவும் ஒரு காரணம். சவர்க்காரம் போன்ற பொருள்களின் மூலக்கூறு இருமுகங் கொண்டது: ஒரு முனை நீரை நாடும், மறுமுனையாகிய நீண்ட காபன் சங்கிலி நீரை வெறுத்து எண்ணெயை நாடும். இத்தகைய மூலக்கூறுகள் நீரின் மேற்பரப்பில் அணிவகுத்து அதன் இழுவிசையைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிடுகின்றன. குறித்த ஒரு செறிவுக்கு மேல் அவை வால்களை உள்ளேயும் தலைகளை வெளியேயும் வைத்துச் சிறு திரள்களாகக் கூடும். மிசெல் எனப்படும் இத்திரள்களின் உள்ளே அழுக்கு சிறைப்பட்டு நீரோடு கழுவுண்டு செல்கின்றது. மேற்பரப்பில் நின்று வினையாற்றுவதால் இவற்றைப் பரப்புவினைப் பொருள்கள் என்று வழங்குவோம். சலவைக்கு மட்டுமன்றி, மருந்து, உணவு, வண்ணப்பூச்சு, பயிர்ப்பாதுகாப்பு, நெசவு முதலிய எண்ணற்ற தொழில்களுக்கும் இவை இன்றியமையாதன. நீரோடு சேராத ஒன்றை நீரோடு சேர்த்து வைப்பதே இவற்றின் பணி.

தமிழர் வாழ்வில் இப்பொருள்கள் புதியன அல்ல. சீயாக்காய், அரப்பு, பூவந்திக்கொட்டை, இலுப்பைப் பிண்ணாக்கு ஆகியவற்றை நம் முன்னோர் தலைமுழுக்குக்கும் சலவைக்கும் பயன்படுத்தினர். இவற்றுள் நுரையெழுப்பும் கூறு சப்போனின் எனப்படும் சேர்வையாகும். பனம்பழமும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. பனங்களியின் மெல்லிய கசப்புக்குக் காரணமான சப்போனின்களை இலங்கையின் உயிரிரசாயனவியலாளர் பேராசிரியர் ஈ. ஆர். ஜான்ஸ் அவர்களும் அவரோடு பணியாற்றியோரும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். பொராசசு பிளபெலிபர் என்னும் பனையின் தாவரவியற் பெயரையொட்டி அவை பிளபெலிபெரின்கள் எனப் பெயர்பெற்றன. வெல்ல மூலக்கூறுகள் நீரை நாடும் தலையாகவும், தெரோயிட்டுக் கட்டமைப்பு நீரை வெறுக்கும் உடலாகவும் அமைந்த இப்பொருள், ஆய்வுகூடத்தில் எவரும் வகுக்காத ஒரு பரப்புவினைப் பொருளாகும். சுண்ணக்கல் நிலத்துக் கிணறுகளின் வன்னீரில் சவர்க்காரம் கல்சியத்தோடு கூடித் திரைந்து வீணாகின்றது; மின்னேற்றமற்ற சப்போனினுக்கோ அக்குறை இல்லை.

இவ்வறிவு ஏட்டுச் சுரைக்காயாக இருந்துவிடவில்லை. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதையடுத்து வடபகுதிமீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருளும் உரமும் மின்கலமும் தடுக்கப்பட்டன. சவர்க்காரம் அரும்பொருளாகி எட்டாத விலைக்கு ஏறியது. அக்காலத்தில் குடாநாட்டிலும் வன்னிப் பெருநிலப்பரப்பிலும் பனம்பழம் விழும் பருவத்தில் மக்கள் அதனைப் பிசைந்து அக்களியில் உடுப்புத் தோய்த்தனர். பழத்தின் மணம் போகாத அவ்வாடைகளைக் கொடியில் காயவிட்டால் மாடுகள் வந்து சப்பிவிடும் என்பது அத்தலைமுறையினர் இன்றுஞ் சொல்லிச் சிரிக்கும் செய்தி. யாழ்ப்பாணக் கடனீரேரியின் தென்கரையில், மணலும் வயலும் பனங்கூடலும் கலந்து கிடக்கும் பூநகரியில் இவ்வழக்கம் இயல்பாகவே பொருந்தியது.

இந்நிகழ்ச்சியை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? இன்றைய சூழலியல் அளவுகோலை வைத்து நோக்கின், இதனிலும் சிறந்த சலவையைக் காண்பது அரிது. மூலம் மரத்தடியில் தானாக விழுந்தது, கப்பலேறி வரவில்லை, ஆலைப் புகை இல்லை, பொதி இல்லை, எஞ்சிய சக்கையை மாடு தின்றது, கொட்டை பாத்தியில் ஊன்றப்பட்டுப் பனங்கிழங்காயிற்று. எனினும் இதனை ஒரு முன்மாதிரியாகப் புகழ்வதற்கு முன் சற்றுத் தயங்குதல் வேண்டும். அம்மக்கள் பனங்களியைத் தெரிந்தெடுக்கவில்லை. அவர்கள்மீது அது திணிக்கப்பட்டது. அறச்செயல் என்பது தெரிவுரிமை உள்ளவிடத்தே பிறப்பது. பட்டினி கிடந்தவனை நோன்பிருந்தவன் என்று கொண்டாடுதல் எவ்வளவு பொருந்தாதோ, தடையினால் வந்த இல்லாமையை இயற்கை வாழ்வு என்று கொண்டாடுதலும் அவ்வளவு பொருந்தாது. அவ்வாறு புகழும்போது நிர்ப்பந்தித்தவர்களின் பொறுப்பு நம்மையறியாமலே மறைக்கப்படுகின்றது. அக்காலத்து மக்களின் ஆற்றலை நாம் போற்றலாம். அவர்களை அந்நிலைக்குத் தள்ளிய ஏற்பாட்டைப் போற்றலாகாது. ஒரே செயலில் இவ்விரண்டும் ஒட்டிக் கிடப்பதால் அவற்றைப் பிரித்தறிதல் இன்றியமையாதது.

போருக்கும் சலவைப் பொருளுக்கும் உள்ள தொடர்பு நமது மண்ணுக்கு மட்டும் உரியதன்று. முதலாம் உலகப் போர்க் காலத்தில் யேர்மனியில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் கடும் பஞ்சம் ஏற்பட்டது. உண்பதற்கே போதாத கொழுப்பைச் சவர்க்காரத்துக்கு ஒதுக்க முடியாத நிலையில், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த சேர்வைகளைக் கொண்டு அந்நாட்டு இரசாயனவியலாளர் செயற்கைப் பரப்புவினைப் பொருள்களை ஆக்கினர். பூநகரியில் தட்டுப்பாடு மக்களை ஆலையிலிருந்து மரத்துக்கு இட்டுச் சென்றது. யேர்மனியில் அதே தட்டுப்பாடு அவர்களைக் கொழுப்பிலிருந்து ஆலைக்கு இட்டுச் சென்றது. இரண்டாம் உலகப் போரின் பின் பெற்றோலியம் மலிவாகக் கிடைக்கவே செயற்கைச் சலவைத்தூள்கள் உலகை ஆட்கொண்டன. 1946 இல் ஐக்கிய அமெரிக்காவில் அறிமுகமான டைட் என்னும் சலவைத்தூள் இம்மாற்றத்தின் அடையாளமாகக் கருதப்படுகின்றது.

விளைவு விரைவிலேயே தெரிந்தது. அக்காலத்துச் சலவைத்தூள்களில் இருந்த அல்கைல்பென்சீன் சல்பொனேற்றின் காபன் சங்கிலி கிளைவிட்ட அமைப்புடையது. பற்றீரியாக்கள் அக்கிளைகளைக் கடித்துச் சிதைக்க இயலாமல் நின்றன. 1950களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலைபோற் குவிந்தது. மேற்கு யேர்மனி 1961 இல் சட்டமியற்றி, 1964 முதல் உயிரியல் முறையாற் சிதையாத சலவைப் பொருள்களைத் தடுத்தது. உற்பத்தியாளர் கிளையற்ற நேர்ச் சங்கிலிக்கு மாறினர். ஆறுகளில் நுரை தணிந்தது. இங்கே கருத்திற் கொள்ளவேண்டிய உண்மை ஒன்று உண்டு. கிளையுள்ள பழைய பொருளும் நேரான புதிய பொருளும் பெற்றோலியத்திலிருந்தே வந்தன. மூலம் மாறவில்லை, மூலக்கூறின் வடிவம் மாறியது, ஆறு பிழைத்தது.

இதன் மறுபக்கத்தையும் நோக்குவோம். இலுப்பைப் பிண்ணாக்கு முற்றிலும் தாவரப் பொருள். ஆயினும் இறால், மீன் வளர்ப்போர் குளத்திலுள்ள வேண்டாத மீன்களைக் கொல்வதற்கு இதனையே கரைத்து விடுகின்றனர். அதிலுள்ள சப்போனின் மீனின் பூக்களைத் தாக்கி மூச்சை அடைக்கின்றது. தலைமுழுக்கில் நமக்கு இதம் தரும் அதே பண்பு, நீர்வாழ் உயிருக்கு நஞ்சாகின்றது. கடனீரேரியை நம்பி வாழும் மீனவர் குடும்பங்களுக்கு இவ்வுண்மையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகவே இயற்கையிலிருந்து வந்தது என்பது தீங்கற்றது என்பதற்குச் சான்றாகாது. ஆலையிலிருந்து வந்தது என்பது தீங்கானது என்பதற்கும் சான்றாகாது. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்ற வினாவும், அது எங்கே சென்று என்ன செய்கின்றது என்ற வினாவும் வெவ்வேறானவை. ஒன்றுக்குரிய விடையை மற்றதற்குரிய விடையாகக் காட்டுவதே இன்றைய விளம்பரங்கள் செய்யும் மயக்கம்.

அவ்வாறாயின் தோற்றுவாயைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாமா என்று ஒருவர் வினவலாம். இவ்விடத்திலேதான் நமது ஆராய்ச்சி மெய்யியலின் வாயிலை அடைகின்றது. பற்பசையிலும் தலைமுழுக்குத் திரவங்களிலும் பெரிதும் பயன்படும் சோடியம் இலோரில் சல்பேற்றை எடுத்துக்கொள்வோம். அதன் வாலில் பன்னிரண்டு காபன் அணுக்கள் உள்ளன. அப்பன்னிரண்டு காபன் சங்கிலியைத் தேங்காயெண்ணெயிலிருந்தும் பெறலாம். அதன் கொழுப்பமிலங்களுள் ஏறத்தாழப் பாதி இலோரிக்கமிலமே. முள்தேங்காய் என இலங்கையிலும் செம்பனை என மலேசியாவிலும் வழங்கும் எண்ணெய்ப்பனையின் பருப்பிலிருந்தும் பெறலாம். பெற்றோலியத்திலிருந்தும் அதே சங்கிலியைக் கட்டியெழுப்பலாம். மூன்று வழியாலும் கிடைக்கும் மூலக்கூறு ஒன்றே. நுரையும் ஒன்றே, சிதைவும் ஒன்றே. வேறுபாடு காண ஒரே வழிதான் உண்டு: அண்மையில் வாழ்ந்த தாவரத்தின் காபனில் கதிர்த்தொழிற்பாடுள்ள காபன்-14 சிறிதளவு இருக்கும், கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த பெற்றோலியத்தில் அது முற்றாகத் தேய்ந்து போயிருக்கும். உயிர்மூலப் பொருளா அன்றா என்பதை ஆய்வுகூடங்கள் இவ்வாறே தீர்மானிக்கின்றன.

பயனில் சிறிதும் வேறுபாடு இல்லாத இரு பொருள்களுக்கிடையே அறத்தில் வேறுபாடு இருக்க முடியுமா? விளைவை மட்டும் கணக்கிடும் மெய்யியலாளர் இல்லையென்று சொல்ல முற்படலாம். நமது வயல்வெளிகளோ வேறு விடை தருகின்றன. களவெடுத்த நெல்லும் உழுது விளைவித்த நெல்லும் ஒரே பானையில் ஒரே சோறாகத்தான் வேகின்றன. நாவுக்கும் வயிற்றுக்கும் வேறுபாடு தெரியாது. ஆயினும் அவ்விரண்டும் ஒன்றென்று எவருஞ் சொல்லார். பொருளின் அறம் பொருளினுள்ளே இருப்பதன்று. அது மனிதருக்கும் மனிதருக்கும், மனிதருக்கும் நிலத்துக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கலில் இருப்பது. மூலக்கூறுக்கு நினைவில்லை. அதன் வரலாற்றை நினைவிற் கொள்ளும் கடமை அதனைப் பயன்படுத்துவோருடையது.

அவ்வரலாறோ எப்போதும் இனியதாக இல்லை. பிரித்தானியச் சவர்க்கார முதலாளி வில்லியம் லீவர் 1884 இல் சன்லைற் சவர்க்காரத்தை அறிமுகப்படுத்தி, தம் தொழிலாளருக்கு அழகிய குடியிருப்பும் அமைத்துக் கொடுத்தார். அவரே 1911 இல் பெல்சியக் கொங்கோவில் பனையெண்ணெய்க்காகப் பெருநிலங்களைப் பெற்றார். அங்கே ஆபிரிக்க மக்கள் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்பட்டமையை வரலாற்றாய்வாளர் பின்னர் ஆவணப்படுத்தினர். அச்சவர்க்காரம் முழுமையாகப் புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து வந்ததே. இன்று உலகின் பனையெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைகின்றது. அதன் பொருட்டு மழைக்காடுகள் பரந்தளவில் அழிக்கப்பட்டன. மலேசியாவில் இறப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாக மாறியபோதும், பின் அவை நகர்களாக மாறியபோதும், தலைமுறைகளாக அங்கு உழைத்த தமிழர் பலர் வீடும் தொழிலும் இழந்து வெளியேறினர். இலங்கையில் 2021 ஏப்ரலில் அரசாங்கம் புதிய முள்தேங்காய்ச் செய்கையைத் தடைசெய்து, ஏற்கெனவே உள்ளவற்றையும் படிப்படியாக அகற்றுமாறு அறிவித்தது. நிலத்தடி நீரும் மண்ணும் பாதிக்கப்படுகின்றன என்ற அச்சமே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இவையனைத்தும் தாவரத்திலிருந்து பெற்ற பொருளின் கதைகளே.

நிலத்தின் சுமையைக் குறைக்கும் நோக்குடன் நுண்ணுயிர்களை நாடுவோரும் உளர். ஈஸ்ற் வகையொன்று ஆக்கும் சொபரோலிப்பிட்டும், பற்றீரியாக்கள் ஆக்கும் இராம்னோலிப்பிட்டும் எளிதிற் சிதையும் சிறந்த பரப்புவினைப் பொருள்கள். இராம்னோலிப்பிட்டைப் பேரளவில் ஆக்கும் ஆலையொன்று 2024 இல் சிலோவாக்கியாவில் தொழிற்படத் தொடங்கியது. வெல்லத்தையும் கொழுப்பு அற்ககோலையும் பிணைத்து ஆக்கப்படும் அல்கைல் பொலிகுளுக்கோசைட்டுகள் அதற்கு முன்னரே சந்தைக்கு வந்துவிட்டன. அவ்வகைச் சேர்வைகளின் ஆக்கமுறையை எமில் பிசர் 1893 இலேயே விவரித்திருந்தார். இவை வரவேற்கத்தக்க முன்னேற்றங்கள். ஆயினும் நுண்ணுயிரும் காற்றைக் குடித்து வாழ்வதில்லை; அதற்கும் வெல்லமோ எண்ணெயோ ஊட்டவேண்டும். அவ்வெல்லத்தை விளைவிக்கும் வயல் எவருடையது, அங்கே முன்னர் என்ன விளைந்தது என்னும் வினாக்கள் ஆலையின் வாசலில் நின்று விடுவதில்லை.

புதுப்பிக்கத்தக்கது என்ற சொல்லையே சற்று ஆழ்ந்து நோக்குவோம். தக்கது என்பதற்குத் தமிழில் இரு பொருள் உண்டு. செய்ய இயல்வது என்பது ஒன்று. செய்வதற்கு உரியது, செய்ய வேண்டியது என்பது மற்றொன்று. தொழில்துறையினர் முதற் பொருளிலேயே இச்சொல்லைக் கையாளுகின்றனர்: இம்மூலம் மீண்டும் வளரும் ஆற்றலுடையது என்பதே அவர் கருத்து. இரண்டாம் பொருளோ நம்மீது ஒரு கடமையைச் சுமத்துகின்றது: இதனை எடுத்தவர் மீண்டும் உண்டாக்கிக் கொடுத்தல் வேண்டும். முன்னது மரத்தின் பண்பு. பின்னது மனிதனின் பண்பு.

பனையை எடுத்துக்கொண்டால் இவ்வேறுபாடு கண்கூடாக விளங்கும். விதையிட்ட பனை பழந்தருவதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் வரை செல்லும். பின்னர் அது நூறாண்டை எட்டியும் நிற்கும். நட்டவன் அதன் நிறைபயனைக் காண்பது அரிது. அடுத்த தலைமுறைக்காகவே பனை நடப்படுகின்றது. போர்க் காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் வடபகுதியின் பனைகள் கணக்கின்றித் தறிக்கப்பட்டன; எறிகணைகளால் தலையிழந்து நின்றவையும் பல. 1993 நவம்பரில் பெருஞ்சமர் நடந்த பூநகரி இதற்கு விலக்காகவில்லை. மீள வளரும் ஆற்றல் பனைக்கு உண்டு என்பது தாவரவியல் உண்மை. எவரேனும் நடாதவரையில், நட்டதை இருபது ஆண்டு காக்காதவரையில், அவ்வாற்றல் ஒரு பழத்தையும் தருவதில்லை. புதுப்பித்தல் என்பது தலைமுறைகளுக்கிடையே செய்துகொள்ளப்படும் ஓர் உடன்படிக்கை. அதில் ஒரு தரப்பினர் இன்னும் பிறக்கவேயில்லை.

சலவையைப் பற்றிப் பேசும் நாம் சலவை செய்தோரைப் பற்றிப் பேசாதிருத்தல் நேர்மையாகாது. உவர்மண்ணும் வெள்ளாவியும் கொண்டு ஊரின் அழுக்கையெல்லாம் போக்கிய கட்டாடியாரை நமது சமூகம் எவ்வாறு நடத்தியது? தூய்மையை ஆக்கித் தந்தவரையே தூய்மையற்றவர் என ஒதுக்கியது. வெளுத்த ஆடையை ஏற்றுக்கொண்டு, வெளுத்த கையை விலக்கியது. அழுக்கை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, அவ்விடத்தையே அழுக்கு என்று இகழும் மனப்பான்மையின் தெளிவான உருவம் இதுவாகும். கழிவுநீரைக் கடனீரேரிக்கு விட்டுவிட்டு அது மாசடைந்துவிட்டது என்று முகஞ்சுளிப்பதும் இதன் மறுவடிவமே. சாதியத்தையும் சூழல்மாசையும் பிணைக்கும் இவ்விழையை நம் சிந்தனையாளர் இன்னும் போதிய அளவு ஆராயவில்லை.

மேற்கூறியவற்றைப் பூநகரிக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒருகாலத்தில் ஆனையிறவின் உப்பிலிருந்து எரிசோடா ஆக்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இவ்விடத்துக்கு அண்மையிலேயே இருந்தது. சவர்க்காரத் தொழிலுக்கு அடிப்படையான அக்காரத்தை ஆக்கிய அவ்வாலையைப் போர் மூடியது. 2011 சனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதும் சிறுபொதிச் சவர்க்காரத்தூள்கள் ஊர்தோறும் இலகுவாக வந்து சேர்ந்தன. அதனை இழப்பென்று கூறுவது முறையன்று. தாய்மாரின் கைவலி குறைந்தது, நோய் குறைந்தது. மறுபுறம், பருவந்தோறும் பனம்பழங்கள் கூடல்களில் விழுந்து அழுகுகின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இயங்குகின்றன. பனங்களியின் சப்போனினைப் பிரித்துப் பயனுள்ள பொருளாக்கலாம் என்று ஒருவர் நாளை முன்வரின், நாம் அவரிடம் என்ன கேட்க வேண்டும்?

களி எவ்வளவு கிடைக்கும், நுரை எவ்வளவு எழும் என்பனவற்றை அவரே அளந்து சொல்வார். நாம் கேட்க வேண்டியவை வேறு. பழம் பொறுக்கும் பெண்ணுக்குக் கிடைக்கும் கூலி, அப்பொருளின் விலையில் எத்தனையாவது பங்கு? கூடலில் விழுந்த பழத்தை எவரும் எடுக்கலாம் என்ற ஊர்வழக்கம், அதற்கு விலை வந்தபின் ஏழைக்குக் கைகூடுமா? கரையோர மணலில் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக நிற்கின்றது. ஆலை அந்நீரை எவ்வளவு உறிஞ்சும்? மீனுக்கு நஞ்சாகத்தக்க கழிவைக் கடனீரேரிக்கு விடுமுன் சிதைக்க வழி உண்டா? எடுத்த பழத்துக்கு ஈடாக எத்தனை விதை ஊன்றப்படும், அவற்றை யார் காப்பர்? இவ்வினாக்களுக்கு நேர்மையான விடை கிடைக்குமாயின் அம்முயற்சி போற்றுதற்குரியது. கிடைக்காதாயின், பனையின் பெயரைப் பொதியில் அச்சிடுவதால் அது பெற்றோலியத்தினும் உயர்ந்ததாகிவிடாது.

இங்ஙனம் கேட்பது முன்னேற்றத்துக்குத் தடையாகும் என்பர் சிலர். வறியவன் மலிவான சவர்க்காரத்தை வாங்கும்போது அவனிடம் இவ்வினாக்களைக் கேட்டல் கொடுமை என்பதை நாமும் ஒப்புக்கொள்கின்றோம். தெரிவு இல்லாதவிடத்து அறக்கடமையும் சுருங்குகின்றது. தடைக்காலத்தைப் பற்றி மேலே கூறியதும் இதுவே. ஆனால் தெரிவு உடையவர்களுக்கு, அதாவது ஆக்குவோருக்கும் ஆராய்வோருக்கும் சட்டமியற்றுவோருக்கும், கற்றவர் என்ற வகையில் நமக்கும், அக்கடமை அதே அளவுக்கு விரிகின்றது. சூத்திரத்தை எழுதும் இரசாயன மாணவனுக்கு மூலக்கூறின் தலையும் வாலும் தெரிகின்றன. அதன் வால் எந்த மண்ணில் வேரூன்றியிருந்தது, அதன் தலை எந்த நீரில் போய்ச் சேரும் என்பவற்றையும் அவன் அறிய முற்படுவானாயின், அவன் கைப்பட்ட தூய்மை பிறருடைய அழுக்காக மாறாது.